ஒட்டாத துண்டுகள்

கல்யாணமாகித் திருப்பூர் வந்தபோது கையில் முனைவர் பட்டம் இருந்தது. கணக்கைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. கணவர் வீட்டாருக்குப் பனியன் துணியில் படம் அச்சிடும் பிரிண்டிங் யூனிட். நான் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்தினேன். கூட வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள்தான். வகுப்பும் விடைத்தாளுமாகவே அவர்கள் பொழுது ஓடிவிடும். எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஓய்வு பெற்று, மகனோடு வெளிநாடு போய்விட்டார்.

என் ஆராய்ச்சி இதுதான். ஓர் எண்ணை எடுத்து ஒரு விதிப்படி மாற்ற வேண்டும். வந்த விடையை மறுபடி அதே விதிக்குள் போட வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தால் சில எண்கள் அளவில்லாமல் பெருகி ஓடிவிடும். சில உள்ளேயே சுற்றிக் கிடக்கும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கணினியில் வரைந்தால் வருவது ஃபிராக்டல். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதன் நுணுக்கம் தீராது. நான் எடுத்துக்கொண்ட விதிகளுக்கு இந்த எல்லை ஒன்றாகச் சேர்ந்திருக்காது, ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் என்று நிரூபிக்கப் பல வருடம் உழைத்தேன்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "புள்ள படிக்குது, டிவி சத்தத்தக் கொறைங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் என் அறைக் கதவைச் சாத்துவார். அவர் அக்கறையோடு சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் வருடங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் என் கணினித் திரையில் இருந்த படத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன புள்ள இது? நல்லா இருக்குதே. கொழந்தைங்க டீ-ஷர்ட்டுக்கு சாம்பிள் போட்டுப் பாக்கட்டுமா?"

என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. உடனே படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். அன்று சமைக்கும்போது என்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தேனாம், மாமியார் சொன்னார்.

சாம்பிள் தயாரானதும் யூனிட்டுக்கே போனேன். கருநீலத் துணியில் மஞ்சள் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் ஓடின.

"பொடிப் புள்ளி அச்சடிக்கற ஸ்கிரீன்ல நிக்காதுங்க அக்கா, மை அடச்சுக்கும்" என்றாள் டிசைன் போடும் பெண். "அதானுங்க கோடு போட்டு எல்லாத்தையும் சேத்துட்டேன்."

கணவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஏனுங்க, இது சேரவே கூடாதுங்க. சேராதுன்னு காட்டத்தான் இத்தன வருசமா உக்காந்திருக்கறேன்."

அவர் பொறுமையாகக் கேட்டார். "இது யாருக்குப் புள்ள தெரியப்போகுது?"

குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இது தெரியக்கூடியவர்கள் உலகத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

"யாருக்கும் தெரியாதுங்க. அப்படியே போட்டுக்குங்க" என்றேன்.

சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். கோடுகளில் ஒன்று உறுத்தியது. இரண்டு துண்டுகள் மிகவும் நெருங்கி வரும் இடம் அது. அங்கே உண்மையாகவே ஓர் இழை இருந்து, கணினிக்கும் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தால்? என் நிரூபணத்தைப் புரட்டினேன். அந்த இடத்தைத் 'தெளிவாகவே பிரிந்திருக்கிறது' என்று ஒரே வரியில் தாண்டியிருந்தேன். அது தெளிவாக இல்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, ஒடம்பு சரியில்லையா?" என்றார் மாமியார்.

"தலவலிங்க அத்தை."

சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் அந்த ஒற்றை வரியோடு வாழ்ந்தேன். கடைசியில் ஒரு தேர்வறையில் கண்காணிப்பாளராக நடந்துகொண்டிருந்தபோது பிடி கிடைத்தது. விதியை மேலும் மேலும் செலுத்தினால் அந்த நுண்ணிய இடைவெளி விரிந்துகொண்டே போகும். இழை இருந்தால் அதுவும் கூடவே விரிந்து, படத்தின் பெரிய பகுதியில் வந்து நின்றாக வேண்டும். அங்கே அப்படி எதுவும் இருக்க முடியாது என்பதை ஏற்கெனவே நிரூபித்திருந்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. முன் வரிசை மாணவி கூடுதல் தாள் கேட்டுக் கையை உயர்த்தினாள். எடுத்துக் கொடுத்தேன்.

நிரூபணம் கட்டுரையாக வெளிவந்த பிறகு ஓர் ஆன்லைன் கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். விடுமுறை நாளில், கல்லூரியின் காலி வகுப்பறையில் உட்கார்ந்து பேசினேன். முடிந்ததும் எங்கோ தொலைதூர நாட்டிலிருந்து ஒரு பெண், சரியாக அந்த இரண்டு துண்டுகள் நெருங்கும் இடத்தைப் பற்றிக் கேட்டார். தானும் அங்கேதான் சிக்கி, முயற்சியைக் கைவிட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் நாங்கள் இருவர் மட்டும் பேசினோம். நான் பாதி சொன்னதும் மீதியை அவர் சொன்னார். பிறகு நேரமாகிவிட்டது என்றார்கள். திரை அணைந்தது. வரிசை வரிசையாக வெறும் பெஞ்சுகள்.

வீட்டில் கணவர் எனக்காகக் காத்திருந்தார். "நல்லாப் பேசுனயா? என்ன கேட்டாங்க?"

ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழு மனதோடு கேட்டார். எந்தச் சொல்லில் பிடி நழுவியது என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகும் தலையாட்டிக்கொண்டே நின்றார். பாவமாக இருந்தது.

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்று முடித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதைச் சொல்லத் தன் அம்மாவிடம் ஓடினார். நான் அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டேன்.