தொடாத டாக்டர் வேண்டாமாம் என் வீட்டுக்காரருக்கு

இன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு முத்தையாபுரம் பஸ்ஸையே எட்டி உதைச்சிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு திடீர் திடீர்னு தாறுமாறா அடிக்கும். போன வாரம் பாத்ரூம்ல மயங்கியே விழுந்துட்டாரு.

இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு. "தொடையில ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூபை இதயத்துக்குள்ள விட்டு, துடிப்பைக் கெடுக்கிற இடத்துல மட்டும் சின்னதா சூடு வைப்போம். நான் பக்கத்து ரூம்ல ஸ்கிரீனைப் பாத்து ஜாய்ஸ்டிக்ல டியூபைத் திருப்புவேன். கையால செய்யறதை விட நுணுக்கமா திருப்பலாம்."

இவரு சட்டுன்னு எந்திச்சு வெளிய வந்துட்டாரு.

பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் சொல்லுதாரு, "ஏளா, தொடாம, பக்கத்துல கூட நிக்காம வைத்தியம் பாப்பாராம். என் நெஞ்சு என்ன விளையாட்டுச் சாமானா?"

இதைச் சொல்லுதது யாரு தெரியுமா? ஹார்பர்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து, ஸ்கிரீனைப் பாத்து, ஜாய்ஸ்டிக்ல கிரேன் ஓட்டி கன்டெய்னர் தூக்குத மனுஷன்! "தள்ளி இருந்து ஓட்டுனாத்தாம்ல துல்லியமா இருக்கும்"னு கல்யாண வீடு கல்யாண வீடா பீத்திக்கிட்டு அலையுதவரு!

அதைக் கேட்டா, "அது இரும்புப் பெட்டி. இது உயிரு"ங்காரு.

"அந்தப் பெட்டிக்குக் கீழ லாரியில ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்காருல்லா, அது உயிரு இல்லையா?"ன்னேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

இவரு ஷிப்ட்ல இருக்க அண்ணாச்சிமாரே, ஆஸ்பத்திரிக்குச் சரின்னு சொல்லுத வரைக்கும் இவரை அந்த ஏசி ரூமுக்குள்ள விடாதீங்க. கீழ இறங்கி, ஒவ்வொரு கன்டெய்னரையும் தொட்டுத் தூக்கி வைக்கட்டும்.