திலகவதி கூடாரமடித்த தீவு

சிவநேசன் தொலைபேசியில் வீண்பேச்சுப் பேசுகிறவரல்ல. சென்ற மாதம் ஒரு காலையில் அழைத்து, “ரெஜினா அக்கா, திலகம் எங்களை விட்டிட்டுப் போட்டா. நித்திரையிலைதான்” என்றார். நான் செபம் சொல்ல வாயெடுப்பதற்குள் மரண அறிவித்தலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். மகள் ‘முன்னாள் பேராசிரியர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாளாம். “எரிமலை எண்ட சொல்லு அதிலை வரவேணும் அக்கா. நீங்கள் பாத்துத் திருத்தித் தாங்கோ.”

கண்ணீருக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நகரின் டோர்செட் பார்க் பகுதியில் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு ஏனென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கலாநிதி திலகவதி தமது உழைப்புக் காலம் முழுவதையும் ஒரே ஒரு எரிமலைத் தீவுக்குக் கொடுத்தவர். கோடை பிறந்தால் புறப்பட்டுவிடுவார். மனைவி எங்கே என்று கேட்பவர்களிடம் சிவநேசன், “கல்லுப் பொறுக்கப் போட்டா” என்பார். அதில் பகையில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தத் தீவிலிருந்து வந்த, நுரை போல ஓட்டைகள் நிறைந்த கல்லொன்றைக் குளியலறையில் வைத்துக் குதிக்கால் தேய்த்து வந்தார். திலகவதி கண்டுபிடித்தபோது கல் பாதியாகிவிட்டிருந்தது. “மலை வெடிச்சு வந்த கல்லு அக்கா. இவருக்கு அது பித்தவெடிப்புக்கு மருந்து” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நோய் முற்றிவிட்டதென்று வைத்தியர்கள் சொன்ன வாரத்தில் திலகவதி பக்கத்து வெக்ஸ்போர்ட் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். தாம் ஆராய்ந்ததை ஒருமுறையாவது தமிழில் சொல்ல வேண்டும், அதற்கு நான் உதவ வேண்டும் என்றார். நம் முதியோர் கூட்டத்துக்காகவா என்று கேட்டேன்.

“இல்லை அக்கா, இவருக்காக. தனியச் சொன்னா நித்திரையாப் போவார். ஆக்களுக்கு முன்னாலை எண்டா வெக்கத்துக்காவது முழிச்சிருப்பார்.”

நான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு சொல் இடம் மாறினாலும் விடமாட்டேன். திலகவதியும் விடமாட்டார். என் சமையலறை மேசையில் நாங்கள் செய்தது மொழிபெயர்ப்பு என்பதைவிட வழக்காடல் என்பதே பொருந்தும். எரிமலை கக்கியது என்று அவர் எழுதினார். கன்னியர் மடத்தில் படித்த எனக்கு, சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல் ஒவ்வவில்லை. “வயிறு வீங்கி, பொருமி, பிறகு வெளியாலை வருது. அதுக்கு வேறை என்ன சொல்லு அக்கா?” என்றார். மலையின் பக்கங்கள் உண்மையிலேயே வீங்குமாம். அந்தச் சொல்லில் நான் விட்டுக்கொடுத்தேன்.

சில மலைகள் அமைதியாக வழிய, சில ஏன் வெடிக்கின்றன என்று கேட்டேன். அவர் என் அடுப்பைக் காட்டினார். தண்ணீர் கொதித்தால் குமிழி வந்து ஆவி போய்விடும். கூழ் தடித்தால் குமிழி வெளியேற முடியாமல் முட்டி, கையில் தெறிக்கும். உருகிய பாறையும் அப்படித்தான். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

‘வெடிப்பு’ என்ற சொல்லுக்கு எதிராகத்தான் நான் உறுதியாக நின்றேன். கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் ஊரில் போரின்போது ஷெல்லடிக்குள், பங்கர் எனும் பதுங்குகுழிகளில் வாழ்ந்தவர்கள். அச்சொல் வேண்டாம் என்றேன். “அவையளுக்குத்தான் அக்கா இது நல்லா விளங்கும்” என்று அதை வைத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று சிவநேசன் முன்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, தண்டனை பெற்றவர்போல் இருந்தார். திலகவதி உட்கார்ந்தபடியே பேசினார். கடலடியில் உருகிய பாறை குவிந்து உயர்ந்ததையும், மேற்பரப்பை நெருங்கியபோது கடல்நீர் பட்டு வெடித்துச் சாம்பலாகச் சிதறியதையும் சொன்னார். அலை கரைத்துவிடக்கூடிய வெறும் சாம்பல் மேட்டின்மேல் பின்னர் பாறைக்குழம்பு வழிந்து இறுகி, அதற்கு ஓடுபோல் ஆனதாம். வெகுகாலம் சென்று தடித்த குழம்பு பெருவெடிப்பாக வெளியேற, உள்ளே வெறுமையாகி மலையின் தலையே கீழே இறங்கிவிட்டதாம். அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. இப்போது நடுவில் ஒரு சிறு மேடு தலைகாட்டுகிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “தங்கச்சி, தூர நிண்டு பாத்தா முதல்ல என்ன? புகையோ, சத்தமோ?”

“புகைதான் ஐயா. சத்தம் ஆறுதலா, பிந்தித்தான் வரும்.”

“அப்ப பங்கருக்குள்ளை போக நேரமிருக்கு” என்று அவர் உட்கார, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி, நான் அஞ்சியது தவறு.

சிரிப்பு அடங்கியதும் சிவநேசன் எழுந்தார். கையை உயர்த்த மறந்துவிட்டார்.

“இஞ்சேரும், அந்த நடுமேடு இப்பவும் உயிரோடையோ?”

“ஓம்.”

“அப்ப நீர் உதுக்கு மேலையோ படுத்துக் கிடந்தனீர்?”

“ஓம், கூடாரம் அடிச்சு.”

“ஒருநாளும் சொல்லேல்லையே.”

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே.”

சிவநேசன், வேறு எவருக்கும் கேட்க வேண்டுமென்றில்லாத குரலில், நிலம் சுட்டதா என்று கேட்டார். சில இடங்களில் சுட்டது, அங்கே சப்பாத்துக் காயவைத்தோம் என்றார் திலகவதி. அன்றைக்குத் தேநீர் ஆறிப்போகும்வரை சிவநேசன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் பார்க்கப் போன நாளெல்லாம் கட்டிலருகே அவர் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். திலகவதி களைத்தாலும் நிறுத்தச் சொன்னதில்லை. “கலியாணம் கட்டின புதுசிலைகூட இவ்வளவு கதைக்கேல்லை” என்று என்னிடம் முறையிடுவதுபோல் பெருமைப்பட்டார்.

இறுதிச் சடங்கில் உறவினர் ஒருவர், தீவு எப்படி உருவானது என்று ஆராய்ந்தவர் நம் திலகவதி என்று பேசினார். சிவநேசன் இருக்கையிலிருந்தபடியே, எல்லோருக்கும் கேட்க, “உருவானது இல்லை தம்பி, உருவாகிக்கொண்டிருக்குது. இன்னும் முடியேல்லை” என்றார். திருத்துவது என் தொழிலாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வேலை மிஞ்சவில்லை. திலகவதியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிகழ்காலத்தைத்தான்.