என் வீட்டு நாத்திகர்

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்குப் போன வாரம் லேப் ரிப்போர்ட்டே வந்துவிட்டது.

என் மகன் பத்தாவது படிக்கிறான். அவனுக்கு 'டிக்' என்கிற தொந்தரவு. கழுத்து தானாக வெட்டி இழுக்கும், தொண்டை செருமும். திருப்பதி டாக்டர் கொடுத்த மாத்திரையில் நன்றாகவே அடங்கியது. மனநோய்க்குத் தருகிற ரகம்; சின்ன அளவில் இதற்கும் தருவார்களாம். பக்கவிளைவுகளையும் விளக்கினார். நான் தலையாட்டினேன்... தலை மட்டும்தான் ஆடியது.

குணமானால் பையனுக்குத் திருமலையில் மொட்டை என்று என் மனைவி வேண்டியிருந்தாள்.

"மொட்டையும் வேணாம், மலைக்கும் வரல" என்றான் பையன்.

"சாமி குத்தம்டா!" என்று அவள் அழுதாள். எனக்கோ உள்ளூரப் பெருமை! சித்தூரில், என் வீட்டிலேயே ஒரு பகுத்தறிவாளன்! வாக்கிங் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். கொளுத்துகிற வெயிலில் அவன் பனியனுக்கு மேல் பனியன் போட்டது? ஃபேஷன் என்று நினைத்தேன்.

போன வாரம் செக்கப். டாக்டர் எடை பார்த்தார். பிறகு சாதாரணமாக, "மார்ல வீக்கம், வலி ஏதாவது உண்டா?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன்.

சாயங்காலம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு நானும் பையனும் மறுபடி டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். புரோலாக்டின் ஏறியிருக்கிறது. தாய்ப்பால் சுரக்கவைக்கிற ஹார்மோன். ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டு. இந்த மாத்திரை சிலருக்கு அதை ஏற்றிவிடுமாம்.

"நான் பொண்ணா மாறிக்கினு இருக்கனா சார்?" என்றான் பையன்.

"ஏமீ காதுரா, ஒண்ணும் ஆகாது!" என்றார் டாக்டர். "இது மாத்திரை பண்ற வேலை. மெள்ள கொறச்சி வேற மாத்திரைக்கு மாத்திடலாம். நீயா நிறுத்திடாத."

"வீக்கம் போயிடுமா?"

"பெரும்பாலும் வடிஞ்சிடும். கொஞ்சம் டைம் எடுக்கும்."

அவன் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. மொட்டை போட்டால் குளத்தில் முங்க வேண்டும். சித்தப்பா பையன்கள் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய நாத்திகம்!

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டால், நமக்குப் பிடித்த வசனத்தை அதில் நாமே எழுதிவிடுகிறோம்.

பஸ் ஸ்டாண்டில் ரெண்டாவது தோசையை வெட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்: "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நாலு மாசமா உன் எதுர்லயேதான் சுத்திக்கினு இருந்தேன் நைனா... மொதல்ல நீ போய்க் கண்ணைக் காட்டு."