சிப்பி வெள்ளையும் தந்த வெள்ளையும்

அந்தப் பெயின்டரை எல்லோரும் 'ரெண்டு கோட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கோட்டு போதும் என்று வீட்டுக்காரர்களே கெஞ்சினாலும் ரெண்டு கோட்டு அடிக்காமல் ஏணியை எடுக்க மாட்டார். வாயும் கொஞ்சம் நீளம். வெள்ளையில் எத்தனை வகை என்று ஆரம்பித்தாரானால் கேட்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்பேர்ப்பட்டவர் அன்று ஒரு படுக்கையறைச் சுவருக்கு முன்னால் வாயடைத்து நின்றார். சிப்பி வெள்ளையா, தந்த வெள்ளையா என்று வீட்டுக்கார அம்மாவுக்குக் குழப்பம். கூட வேலை பார்க்கும் தன் மைத்துனனிடம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்துக் காய வைக்கச் சொல்லியிருந்தார் பெயின்டர். வந்து பார்த்தால் ஒரே பட்டையாகத் தெரிந்தது.

"ஏன்டா, ஒரே டப்பாவையே ரெண்டு தடவ தொட்டியா?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தார்.

"என்னங்க, பளிச்சுனு தெரியுதே! இடது பக்கம் மஞ்சளடிக்குது," என்றார் அந்த அம்மா.

கண் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னதைப் பெயின்டர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கண் போன பெயின்டரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

"உங்க வீடா இருந்தா எதை அடிப்பீங்க?"

"வலது பக்கம்," என்றார் குத்துமதிப்பாக. அந்த அம்மா நிம்மதியாக உள்ளே போனார்.

அவர் பெயின்ட் உருளையை எடுத்துக்கொண்டு குனிந்தார். தரையில் இரண்டு டப்பாவும் திறந்திருந்தன. எது எது? கை அந்தரத்தில் நின்றது. மைத்துனன் வேண்டாத டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினான்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"போன வீட்டுலயே தெரியும் மாமா. நீங்க சாப்பிடப் போனப்ப ஒரு சுவரைத் திருப்பி அடிச்சேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொண்டிருந்தது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

"உங்க அக்காவுக்கு?"

"தெரியும். நீங்களா சொல்றவரைக்கும் கேக்கக் கூடாதுன்னுட்டா."

தினமும் அவர் வீடு திரும்பியதும், "இன்னிக்கு என்ன கலரு?" என்று மனைவி கேட்பாள். அவரும் விடாமல் அளப்பார், இது கொஞ்சம் சாம்பலோடியது, அது வெயிலில் பூத்தாற்போல இருக்கும் என்று. அவள் தலையாட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் எழுந்து சோறு போடுவாள்.

உருளையை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். இன்றைக்கும் கேட்பாள்.