துக்க வீட்டில் சொன்ன வார்த்தை

எண்பதுகளில் ஒரு மழை நாள் சாயங்காலம், பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் கணவர், ஒரு வளைவில் சறுக்கி விழுந்து அங்கேயே இறந்துபோனார்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உடலைக் கிடத்தியிருந்தபோது, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த இஞ்சினியர் வந்தார். சாலைகளைக் கவனிக்கும் அரசாங்க இலாகாவில் பெரிய அதிகாரி. அவர் மனைவி காலையிலிருந்தே என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார்.

"அந்த வளைவே மோசம்மா," என்றார் இஞ்சினியர் குனிந்து. "அங்க நடந்த எக்சிடெண்ட் எல்லாம் எங்க ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சிருக்கோம். ரோட்டோட சாய்வு தப்புன்னு எங்களுக்கே தெரியும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். தெரிந்தும் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

இலாகா மேல் வழக்குப் போட்டேன். என் வக்கீல் அந்த விபத்துப் பதிவுகளைக் கேட்டார். இலாகா மறுத்துவிட்டது. அவை பாதுகாப்புப் பணிக்காக எழுதிய உள் ஆவணங்கள், வெளியே கொடுத்தால் பொதுநலன் கெடும் என்று சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் எங்கள் இஞ்சினியர். கொடுக்க வேண்டியதில்லை என்று நீதிபதியும் சொல்லிவிட்டார்.

கோர்ட்டு வராந்தாவில் அவர் என்னிடம் வந்தார். "மேல உள்ளவங்க சொன்னதும்மா. நான் என்ன செய்யறது?"

இந்த மனிதன் இனி நிம்மதியாகச் சோறு தின்னக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நின்றேன். அவர் வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கினார். நானும் அங்கே போனேன்.

பதிவுகள் கிடைக்காததால், துக்க வீட்டில் அவர் சொன்ன வார்த்தையையே சாட்சியமாக்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். "அப்ப கூட யாரு இருந்தா?" என்றார்.

"அவரு சம்சாரம்."

"அவங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அந்தக் குடும்பம் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"என் குடும்பத்தைப் பத்தி யாரு யோசிச்சா? கூப்பிடுங்க லா."

அரசாங்க வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஃபைலில் இருப்பதைத்தான் கேட்கக் கூடாது, துக்க வீட்டில் பேசியதைக் கேட்கலாம் என்றார் நீதிபதி. அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை என்று இஞ்சினியர் கூண்டில் நின்று சொன்னார். அடுத்து அவர் மனைவி ஏறினார். புருஷனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

இஞ்சினியரின் முகம் செத்துப்போனது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு இனித்தது எனக்கு.

தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இலாகா சமாதானத்துக்கு வந்தது. வளைவைத் தோண்டி, சாய்வை மாற்றிப் போட்டார்கள். இஞ்சினியரை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். லோரியில் சாமான் ஏற்றிய அன்று, வேலைக்குப் போகாமல் அவர்கள் வீட்டுக்கு எதிரே போய் நின்றேன்.

அவர் மனைவி கேட் அருகே வந்தார். "உனக்காகத்தான் நான் பொய் சொல்லலை. அன்னிக்கிலேருந்து அவர் என்கூட பேசறதே இல்ல. போதுமா?"

"போதலக்கா," என்றேன்.

அவர் போய்க் காரில் பின்னால் உட்கார்ந்தார். இஞ்சினியர் தலையைத் திருப்பாமல் வண்டியை எடுத்தார். ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் அந்த வெயிலில் நின்றிருந்தேன். பார்க்கவில்லை.