அக்காவின் கம்ப்யூட்டராக நான் இருந்த ஐந்து மாதம்

அக்கா யூனிக்ஸ் படிக்கக் காந்திபுரம் போய்வந்த ஐந்து மாதமும் நான்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர். பயிற்சி நிலையத்தில் முப்பத்திரண்டு பேருக்கு ஆறு மெஷின். ஒருவருக்கு வாரத்தில் நாற்பது நிமிடம். அதிலும் கரண்ட் போனால் போனதுதான். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு விசைத்தறிகள் இருந்தன, கம்ப்யூட்டர் இல்லை.

ஆகவே அவள் கட்டளைகளைத் தாளில் எழுதித் தருவாள். ஆறாம் வகுப்பில் இருந்த நான் அவற்றை வரிசையாகச் செய்வேன். வீட்டின் அறைகள்தான் கம்ப்யூட்டரில் ஃபைல்களை வைக்கும் டைரக்டரிகள். சி.டி. என்று எழுதி ஓர் அறையின் பெயர் இருந்தால் அங்கே போக வேண்டும். எல்.எஸ். என்றால் அந்த அறையில் இருப்பதையெல்லாம் சொல்ல வேண்டும். ஆர்.எம். என்றால் அழிக்க வேண்டும். பொருளின் மேல் துண்டைப் போட்டு மூடினால் அது அழிந்ததாகக் கணக்கு. டபிள்யூ.சி. என்றால் எத்தனை வரி, எத்தனை சொல் என்று எண்ண வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான். அம்மாவின் மளிகைச் சீட்டில் இருபத்தாறு வரி இருந்தது.

பல கட்டளைகளை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், இடையில் யாரும் சொல்லாமலே முடித்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். ஒருநாள் தாளில் தறிக்கூடத்துக்குப் போகச் சொல்லி, அடுத்த வரியில் அங்கிருப்பதை அழிக்கச் சொல்லியிருந்தாள். தறிக்கூடம் பூட்டியிருந்தது. நான் பூட்டின் முன்னாலேயே நின்றுவிட்டேன்.

"ஏண்டா, அங்கயே நிக்கறே?"

"பூட்டியிருக்குதுக்கா. உள்ளயே போவாம எப்படி அழிக்கறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுஞ் செரிதான். கம்ப்யூட்டரும் நின்னுக்கும் போல இருக்குது."

நிற்காது. உண்மையான மெஷின், போக முடியவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு, அடுத்த கட்டளையை இருந்த இடத்திலேயே செய்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. அதன்பிறகும் பூட்டிய கதவுகளின் முன்னால் ஒன்பது முறை நின்றேன். ஒன்பதா பத்தா என்பதில் இப்போது சந்தேகம் வந்து, இந்த வயதில் அதுவே தூக்கத்தைக் கெடுக்கிறது.

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருந்தது. தென்னந்தோப்பு, இரண்டு கிணறு. மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது, முதல் மனைவி இறந்து பதினொரு மாதம். அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டு, படிப்பு முடிந்ததும் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா ஒரே நிபந்தனைதான் வைத்தார்.

"மூணு மாசம் பார்ப்பேன் அம்மணி. ஒரு கொறைச் சொல் வராம வேலை நெலைச்சுதுன்னா இந்தப் பேச்சையே உட்டர்றேன். இல்லீன்னா தையில முகூர்த்தம்."

எழுபத்தோராம் நாள் அது நடந்தது. வேண்டாத பழைய ஃபைல்களை வாரம் ஒருமுறை அழிப்பதற்கு அக்கா ஆறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். அதுவரை ஒழுங்காகத்தான் ஓடியது. அன்று யாரோ அந்த ஃபைல்கள் கிடக்கும் குப்பை டைரக்டரியின் பெயரை மாற்றியிருந்தார்கள். அங்கே போக முடியாத மெஷின், இருந்த இடத்திலேயே அழித்தது. அங்கே இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களின் நான்கு மாத வருகைப் பதிவு. நகல் எடுத்து வைத்த டேப்பிலிருந்து பாதிதான் மீண்டது.

ஞாயிற்றுக்கிழமை மில் மேலாளர் வீட்டுக்கே வந்தார். கத்தவில்லை.

"ஏனம்மணி, அங்க போவ முடியலீன்னா அதுவா நின்னுக்கும்னு நெனச்சுட்டயா? இன்ஸ்டிடியூட்டுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்?"

அக்கா குனிந்தபடியே "ஆமாங்க" என்றாள்.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "அப்படீன்னா புள்ளையக் குத்தஞ்சொல்றதுக்கு இல்லீங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறனுங்க."

அக்கா சொன்னது பொய். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐந்து மாதம் அறை அறையாக நடந்தவன் நான். பெயர் மட்டும் இன்ஸ்டிடியூட்டுக்கா?

"இல்லீங்க. நான்தானுங்க அக்காவுக்குக் கம்ப்யூட்டரு. நான்தானுங்க நின்னேன்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்னும் சொல் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, தறிக்கூடம், பூட்டு, துண்டு, ஒன்பது முறை, எல்லாவற்றையும் சொன்னேன்.

மேலாளர் முதலில் சிரித்தார். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப ஊட்டுல தம்பி கூட வெளையாண்டு பழகுனதைத்தான் மில்லுல வந்து செஞ்சுபோட்டயா அம்மணி?" என்றார். முதலாளியிடம் பேசுவதைப் பற்றி அவர் மறுபடி எதுவும் சொல்லவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மேலாளர், வெறுமனே போக மனம் வராமல், "பையனுக்கு நல்ல மூளைங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் அந்தத் தொண்டாமுத்தூர் மாப்பிள்ளையோடு அக்காவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற நான், மில் மேலாளர் என்னைப் பற்றிச் சொன்னதை, வந்தவர்களில் பதினேழு பேரிடம் சொன்னேன். பதினெட்டாவதாக மணவறைக்குப் போய் அக்காவின் காதிலும் சொன்னேன். மேலாளர் வந்த அன்றைக்கு அவள் சரியாகக் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.