புனிதாவின் பெயரை நான் எழுதிய நாள்

திரைக்கதை எழுதுவோரின் உரிமைக்காக நான் செய்த வேலைகளில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு பிழையை. புதிதாக எழுத வருகிறவர்கள் இதைப் படிப்பதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

1. வரவுத்தாள்

அப்போது என் மகளுக்கு ஒன்பது மாதம். மாத்தளை டவுனில் வீட்டில் இருந்தபடியே டீவிக்கான டெலிடிராமாக்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்டத்தில் என்னைப் போலத் தமிழில் எழுதுகிறவர்கள் நான்கு பேர் இருந்தோம். சங்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, அதற்கு நான் செயலாளர், அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இங்குள்ள தோட்டங்களில் படம் எடுப்பார்கள். கதை, சீன், வசனம் எல்லாம் எங்களிடம் வாங்குவார்கள். டைட்டிலில் எங்கள் பெயர் ‘தமிழ் உரையாடல் உதவி’ என்று வரும், அல்லது வராது. இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் புனிதாவுக்கு வரவே இல்லை. முழுத் திரைக்கதையும் அவள் எழுதியது. படம் டீவியில் ஓடிய அன்று பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள். ‘எழுத்து’ என்ற இடத்தில் இயக்குநரின் பெயர் வந்தது.

இந்த நிலையில்தான், மாகாணத்தில் படமெடுப்பதற்கு ஒரு கொள்கை வரைய ஒரு குழு அமைந்தது. இங்கே அனுமதி பெற்று எடுக்கும் எந்தப் படத்திலும் எழுதியவரின் பெயர் எழுத்தாளர் என்றே வர வேண்டும் என்ற ஒரு வரியை அதில் சேர்க்கக் கேட்டோம். கருத்துக் கேட்க மாத்தளையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள்.

அன்று மகளுக்கு லேசான காய்ச்சல். மாமியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். விட்டு வந்தது சரியா என்று யோசித்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவுத்தாளை நீட்டிய அலுவலர், பத்து மணிக்குத் தாளை எடுத்துவிடுவோம், பெயர் இல்லாதவர்கள் பேச முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். எங்களில் நான் மட்டும்தான் வந்திருந்தேன். பிந்தி வருகிறவருக்காக முந்தி வந்தவர் கையெழுத்துப் போடுவது எங்கள் கூட்டங்களில் வழக்கம். நான்கு பேரின் பெயரையும் எழுதி, நான்கு விதமாகக் கையெழுத்தும் போட்டேன்.

மிளகு, கராம்பு வியாபாரம் செய்துகொண்டே நகைச்சுவை நாடகம் எழுதும் ஃபாரூக் நானா பத்தேகாலுக்கு வந்தார். தாளைப் பற்றிச் சொன்னேன்.

“நல்ல வேல செஞ்சீங்க தங்கச்சி. இல்லாட்டி நாம வெளியில நிண்டு கைதட்டத்தான் சரி,” என்றார்.

நான்காமவர் ஊரில் இல்லை. புனிதா வரவே இல்லை. பஸ் வழியில் நின்றுவிட்டதால் திரும்பிப் போய்விட்டாள். எங்கள் கோரிக்கையைக் கவனத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள்.

2. நகல்

மூன்று வாரம் கழித்துக் கொள்கையின் நகல், அதாவது முதல் வரைவு, வந்தது. நாங்கள் கேட்ட வரி அதில் இல்லை. எழுதியவரின் பெயரை எப்படிக் குறிப்பிடுவது என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானிப்பார் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், கலந்துகொண்டு உடன்பட்டவர்கள் என்ற தலைப்பின் கீழ் அன்றைய வரவுத்தாளை அப்படியே இணைத்திருந்தார்கள். மூன்றாவது பெயர் புனிதாவுடையது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் இனி எங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் புனிதா தனக்கு நடந்ததற்கே சம்மதித்தவள் ஆகிவிடுவாள். கடைசியில் ஃபாரூக் நானாவிடம் கேட்டேன்.

“வரவுத்தாள உடன்பாடுன்னு போட்டது அவங்கட பிழை. அத மட்டும் பேசுங்க. கையெழுத்துக் கதைய நீங்களா ஏன் அவுக்கப் போறீங்க?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படியே செய்வது என்றுதான் முடிவெடுத்தேன். ஆனால் மறுநாள் மகளையும் தூக்கிக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

முன்பள்ளி விட்டு, புனிதா சின்ன நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நகலைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை இரண்டு முறை பார்த்தாள்.

“இது என் கையெழுத்து இல்லையே.”

“நான்தான் போட்டேன்.”

“அந்த டைரக்டரு என்கிட்ட கேக்காம என் பேர எடுத்தாரு. நீங்க கேக்காம போட்டிருக்கீங்க.”

உனக்குப் பேச இடம் கிடைக்கட்டும் என்று உன் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்றேன்.

“அவரும் அதத்தான் சொன்னாரு அக்கா. புதுப் புள்ள பேரப் போட்டா சேனல்ல எடுக்க மாட்டாங்க, ஒன் நல்லதுக்குத்தான்னு.”

புனிதா என் மகளை இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“பாப்பா என்கிட்ட இருக்கட்டும். நீங்க உக்காந்து எழுதுங்க.”

“என்ன எழுத?”

“நடந்தத.”

3. தம்புள்ளை

இறுதிக் கூட்டம் தம்புள்ளையில் நடந்தது. என் கடிதத்தை நானே சிங்களத்தில் வாசித்தேன். மற்ற மூவரின் கையெழுத்துகளை அவர்களைக் கேட்காமல் நான் போட்டேன், தயாரிப்பாளர் தீர்மானிப்பார் என்ற வரிக்கு எங்களில் எவரும் உடன்படவில்லை, இவ்வளவுதான் அதில் இருந்தது.

தயாரிப்பாளர்கள் சார்பில் வந்தவர் சிரித்தார். கையெழுத்தையே பொய்யாகப் போடுகிறவர்கள் கதை மட்டும் தங்களுடையது என்றால் எப்படி நம்புவது என்று கேட்டார். நான் பயந்த கேள்வி அதுவே. பதில் எழுதி வைத்திருந்த தாளைத் தேடினேன்.

புனிதா எழுந்தாள். அவள் தமிழில் பேச, ஃபாரூக் நானா சிங்களத்தில் சொன்னார்.

“அக்கா செஞ்சது பிழை. அவங்களே வந்து ஒத்துக்கிட்டாங்க. என் கதைய எடுத்தவரு ரெண்டு வருசமா போனக்கூட எடுக்கல.”

உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று தலைவர் கேட்டார்.

“எழுதினவங்க பேர எடுக்கறதுன்னாலும் சரி, போடறதுன்னாலும் சரி, அவங்க கைப்பட எழுதிக் குடுத்த சம்மதம் வேணும்.”

சம்மதம் என்பது எங்கள் கோரிக்கையில் இல்லை, ‘போடறதுன்னாலும்’ என்ற சொல்லும் இல்லை. அவள் என் பக்கம் பார்க்காமலே அதைச் சொன்னாள். தலைவர் குறித்துக்கொண்டார்.

திருத்திய நகலில் அவள் சொன்ன வரி இருக்கிறது. இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்று தினமும் யோசிக்கிறேன். நான் கற்றது இதுதான்: ஒருவருடைய உரிமைக்காகப் பேசப் போகும்போதும் அவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அவசரம், மகளின் காய்ச்சல், எங்கள் வழக்கம் எல்லாம் எனக்கும் இருந்தன. அந்த இயக்குநருக்கும் ஏதோ காரணங்கள் இருந்திருக்கும்.

புதிய விதி வந்தாலும் பழைய படங்களுக்குப் பொருந்தாது. புனிதாவின் படம் போன மாதமும் ஒரு சேனலில் ஓடியது, இயக்குநரின் பெயரோடுதான். மறுநாள் காலை அவள் அழைத்தாள். அழுவாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

“ரெண்டாவது சீன் கொஞ்சம் நீளம்தான் அக்கா,” என்றாள். “இப்ப எழுதினா பாதிய வெட்டிருவேன்.”